மாஷின்னா இல்லைன்னு அர்த்தம்

அந்தப் பொட்டியைக் கொஞ்சம் மடியில வச்சுக்கங்க தம்பி, கால் நீட்ட எடமில்ல. என்ன அது, வயலினா? நல்லது. இதைத் தவிர வேற என்ன வாசிப்பீங்க? ஒண்ணுமில்லையா? அப்ப நீங்க நல்ல ஆளு. ஒரு மனுசனுக்கு ஒரு வேலை. ஒரு வேலையை உருப்படியாக் கத்துக்க வக்கில்லாதவங்கதான் ஒம்போது வேலையைக் கையில எடுத்துக்கிட்டு அலையுறாங்க.

ஏன் சொல்றேன்னா, எங்க ஊருக்கு அப்படி ஒருத்தி வந்தா. எகிப்துக்காரி. எங்களுக்குப் பரங்கிப்பேட்டை. அவ வந்துட்டுப் போனதுல என் பொண்ணு என்கூடப் பேசுறதை நிறுத்திட்டா. ஒரே பொண்ணு, ஹாஜரான்னு பேரு. ஏழு மாசம் ஆவுது. இன்னைக்குச் சாயங்காலம் அவளுக்கு ஃப்ளைட்டு, அந்த எகிப்துக்காரிகிட்டத்தான் போறா. அதுக்குத்தான் நான் மெட்ராஸ் போறேன். நீங்க கிளாம்பாக்கம்தானே? நானும் அங்க எறங்கி ஏர்போர்ட்டுக்கு வேற பஸ் புடிக்கணும். நேரம் கெடக்கு. சொல்றேன் கேளுங்க, நியாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

எங்க ஊர்ல வெள்ளாத்தங்கரையில ஒரு பழைய பங்களா. வவ்வால் குடியிருந்த எடம். அதை யாரோ பணம் இருக்கறவங்க வாங்கி, சுண்ணாம்பு அடிச்சு, கலைக்கூடம்னு பலகை மாட்டிட்டாங்க. வெளிநாட்டுல இருந்து ஆளுங்க வருவாங்க, ஒரு மாசம் ரெண்டு மாசம் தங்குவாங்க, எதையாவது பண்ணுவாங்க. ஒருத்தன் வந்து நாப்பது நாள் நண்டு வளையைப் படம் புடிச்சுட்டுப் போனான். நாங்க ஒண்ணும் கேக்குறதில்ல. அந்த எடத்தை வினோதினின்னு ஒரு அம்மா பாத்துக்கிறாங்க. நல்ல மாதிரிதான், ஆனா எதைச் சொன்னாலும் ஆச்சரியப்படுறவங்க. நம்ம ஊரு பரோட்டாவைப் பாத்தே ஆச்சரியப்பட்டாங்க, பாத்துக்கங்க.

போன மார்கழி கழிஞ்சு தை பொறந்த சமயம், அந்தம்மா என்னைத் தேடிக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க. "நெய்னா பாய், எகிப்துல இருந்து ஒரு கலைஞர் வராங்க. பேரு மாக்தா. இங்கிலீஷ் சரியா வராது. உங்களுக்கு அரபி தெரியும்னு சொன்னாங்க, அஞ்சு வாரம் கூட இருந்து மொழிபெயர்க்க முடியுமா?"ன்னாங்க.

எனக்கு அரபி தெரியுமாவா? பத்தொம்பது வருசம் தம்பி. ராஸ் அல் கைமாவுல, மலையடிவாரத்துல, ஒரே அர்பாப் வீடு. அங்க மொதலாளியை அர்பாப்னுதான் சொல்றது. வண்டி ஓட்டுறதுல இருந்து பேரீச்சந்தோட்டத்துக்குத் தண்ணி விடுறது வரைக்கும் நான்தான். அங்க தமிழ் பேச ஆளில்ல, மலையாளம் பேச ஆளில்ல. ஒட்டகம்கூட அரபிதான் கேக்கும். எனக்கு அரபி தண்ணி பட்ட பாடு. ஓதுறது மட்டும் தெரிஞ்சுக்கிட்டு அர்த்தம் தெரியாம இருக்கற ஆளு இல்ல நான்.

அவ வந்து எறங்குனா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கட்டுக்குள்ள அடங்காத முடி, ஆம்பளைச் செருப்பு. பேரு என்னன்னு கேட்டேன். மாக்தான்னா. எனக்கு அப்பவே சிரிப்பு வந்துருச்சு. அது மாஜிதா தம்பி. நல்ல அரபிப் பேரு. தன் பேரையே ஒழுங்காச் சொல்ல வரல அவளுக்கு. ஜ வர்ற எடத்துல எல்லாம் க போடுறா. மஸ்ஜிதை மஸ்கிதுங்குறா. எங்க அர்பாப் மாதிரி சுத்தமா மஸ்யிதுன்னு சொல்ல வேணாமா? எகிப்துக்காரங்க பேசுறது அரபியே இல்லன்னு அவரு அப்பவே சொல்லுவாரு. அங்க டவுன்ல வாத்தியாருங்க, டாக்டருங்க எல்லாம் எகிப்துக்காரங்கதான். தூரத்துல பாத்திருக்கேன். பேசுனதில்ல. பேசி என்ன ஆகப்போவுது?

சரி, அவ என்ன வேலை பண்றவன்னு கேளுங்க. பாடுவா. கூடவே சிம்சிமிய்யான்னு ஒரு வாத்தியம் வச்சிருந்தா. பள்ளிக்கூடப் புஸ்தகத்துல யாழ்னு ஒரு படம் போட்டிருக்குமே, அது மாதிரி மொட்டையா ஒரு சட்டம், அதுல அஞ்சாறு கம்பி. அதைத் தட்டுவா. கவிதை எழுதுவா. எழுதுனா எழுதுனோம்னு விடுறதில்ல, எழுதுனதைத் துணியில நூல் கோத்துத் தைப்பா. தைச்ச துணியைக் கட்டித் தொங்கவிட்டு, பின்னாடி வெளக்கு வச்சு, எழுத்தோட நெழலு தரையில விழ, அது மேல நடந்துக்கிட்டே பாடுவா. நடுவுல படம் வேற புடிப்பா. "இதுல எதும்மா உங்க தொழிலு?"ன்னு ஒருநாள் கேட்டேவிட்டேன். எல்லாம் ஒண்ணுதான்னா. எல்லாம் ஒண்ணுதானாம். எங்க ஊரு தையக்கடை அஜீசும்தான் மிஷினை மிதிச்சுக்கிட்டே பாடுறான். அவனை எந்த நாட்டுக்காரனும் கூப்பிட்டு பங்களாவுல தங்க வைக்கல.

வந்த வேலை என்னன்னா, எங்க ஊரு பொம்பளைங்களைச் சேத்து வச்சு, அவங்க சொல்றதைப் பாட்டாக்கி, துணியில தைச்சு, கடைசியில ஒரு நிகழ்ச்சி நடத்தணும். நடுவுல நான் உக்காந்து அவ சொல்றதை இவங்களுக்கும் இவங்க சொல்றதை அவளுக்கும் சொல்லணும்.

அவ திமிரை நான் மொத நாளே பாத்துட்டேன். வினோதினி அம்மா கேட்டாங்க, "பத்துப் பேரு வந்தாப் போதுமா?" நான் அதை அரபியில கேட்டேன். "மாஷி"ன்னா. மாஷின்னா இல்லைன்னு அர்த்தம். பத்தாதாம்னு சொன்னேன். பாவம் அந்தம்மா, வெயில்ல வீடு வீடாப் போயி இருவத்தாறு பேரைச் சேத்துக் கூட்டிட்டு வந்தாங்க. அவ்வளவு பேரையும் பாத்துட்டு இவ தலையில கை வச்சுக்கிட்டா. பத்தாதுன்னு நீதானே சொன்னே?

இன்னொரு நாளு. அவ தங்குன ரூமுல ஃபேன் கடகடன்னு சத்தம் போடுது, காத்தும் வரல. அந்தம்மா, "ஆத்தைப் பாத்த ரூமுக்கு மாத்தித் தரட்டுமா?"ன்னு கேட்டாங்க. மாஷின்னா. வேணாங்குறாங்கன்னு சொன்னேன். சாயங்காலம் போயிப் பாத்தா, பொட்டியைக் கட்டி வாசல்ல வச்சுக்கிட்டு அது மேலயே உக்காந்திருக்கா. ஏன் உக்காந்திருக்கன்னு யாரும் கேக்கல. இருட்டுற வரைக்கும் இருந்துட்டு, பொட்டியைத் தூக்கிக்கிட்டு அதே ரூமுக்குள்ள போயிட்டா. இதுக்கு என்ன பேரு? கலைஞராம்.

சாப்பாட்டு விசயத்துலயும் இதே கூத்துதான். எங்க தெருப் பொம்பளைங்க வட்டலப்பம் செஞ்சு எடுத்துட்டு வந்தாங்க, முட்டையும் தேங்காப்பாலும் ஏலக்காயும் போட்டு, தெருவே மணக்குது. சாப்பிடுறீங்களான்னு கேட்டேன். மாஷி. வேணாமாம்னேன். அதுங்க மொகம் சுண்டிப் போயித் தட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போவுதுங்க. இவ கண்ணு அந்தத் தட்டு பின்னாடியே போவுது. ஆசை இருக்கு, ஆனா கௌரவம் விடமாட்டேங்குது. இப்படிப்பட்டவங்களை நான் நெறைய பாத்திருக்கேன்.

இதுல இன்னொரு வேடிக்கை, இல்லைன்னு சொல்லும்போதே தலையை மேலயும் கீழயும் ஆட்டுவா. சிரிப்பா. ஒருக்கா வினோதினி அம்மா போனை எடுத்து நீட்டுனாங்க, அதுல மொழிபெயர்க்குற எதோ ஒண்ணு இருக்காமே. இவ பேசுற அரபிக்கு அது பாதி நேரம் உளறும். அன்னைக்கு இவ மாஷின்னதும் அது "சரி"ன்னு எழுதிக் காட்டுச்சு. அந்தம்மா என்னைப் பாத்தாங்க. நான் சொன்னேன், "அம்மா, மிஷினு நேத்துப் பொறந்தது. நான் பத்தொம்பது வருசம் கேட்டவன். அரபியில இல்லைங்கறதுக்கு ரெண்டு வார்த்தை இருக்கு. 'லா'ன்னா பெரிய இல்லை, மொகத்துல அடிச்ச மாதிரி. 'மாஷி'ன்னா சின்ன இல்லை, மரியாதையாச் சொல்றது." அந்தம்மா அதையும் ஆச்சரியமாக் கேட்டுக்கிட்டு போனை உள்ள வச்சுட்டாங்க.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா தம்பி? தோட்டத்துல மோட்டார் ஓடலைன்னு போயி நின்னா, மாஷி மாய், தண்ணி இல்லை. கூட ஒரு ஆளு வேணும்னு கேட்டா மாஷி. ஹாஜரா பொறந்தப்ப தந்தி மாதிரி ஒரு போன் வந்துச்சு, பொண்ணு பொறந்திருக்குன்னு. அர்பாப் காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. முன்னாடி போயி நின்னு, புள்ளையைப் பாக்கணும், ஒரு மாசம் விடுங்கன்னு கேட்டேன். மாஷி இஜாஸா. லீவு இல்லை. நல்ல மனுசன் அவரு, கோவமாச் சொல்லல. அடுத்த வருசம் கேட்டேன், மாஷி. மூணாவது வருசம்தான் விட்டாரு. நான் வீட்டுக்குள்ள நொழைஞ்சப்ப அவ ஓடிப்போயி அவ உம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. அப்படிப் படிச்ச அரபி நான் படிச்சது. இவங்க வந்து எனக்குச் சொல்லித் தராங்க.

ஹாஜராவை நான்தான் அங்க கூட்டிட்டுப் போனேன். என் புத்தியை என்ன சொல்ல. நெய்னா பாய் பொண்ணே வருதுன்னா மத்த பொம்பளைங்களும் தயங்காம வரும்னு வினோதினி அம்மா சொன்னாங்க. பி.காம் முடிச்சுட்டு வீட்டுல இருந்தா. இருவத்து நாலு வயசு. எதையாவது நோட்டுல எழுதிக்கிட்டே இருப்பா, நான் போனா மூடிக்குவா. நானும் என்னன்னு கேட்டதில்ல.

மூணே நாள்ல ரெண்டும் ஒட்டிக்கிச்சு. என் தயவே வேணாம் அதுங்களுக்கு. அவ மேசையில ஒரு தாளம் தட்டுவா, இவ அதை மாத்தித் தட்டுவா, ரெண்டு பேரும் சிரிப்பாங்க. எனக்கு முன்னாடி என் பொண்ணு அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. எனக்கு அது புடிக்கல. புடிக்கலன்னு வாயைத் தொறந்து சொல்லவும் முடியல.

ஒருநாள் எல்லாரும் ஒரு வரி எழுதித் தரணும்னா. ஹாஜரா எழுதுனதைப் படிச்சா. "உன் குரலுக்குப் பின்னால் என் குரலே எதிரொலித்துத் திரும்பி வந்தது, அதைத்தான் வாப்பா என்று நினைத்துக்கொண்டேன்." அப்படின்னு ஒரு வரி. அந்தக் காலத்துல வெளிநாட்டு போன்ல நாம பேசுறதே நமக்குத் திரும்பக் கேக்குமே, அதை வச்சு எழுதியிருக்கா. எல்லாப் பொம்பளைங்களும் என்னைத் திரும்பிப் பாக்குதுங்க. எகிப்துக்காரிதான் என் மொகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா, அர்த்தம் சொல்லுன்னு. நான் என்ன சொல்றது? அப்ப போன் லைன் சரியில்லைன்னு எழுதியிருக்கான்னு சொன்னேன். பொய்யா? லைன் சரியில்லைதானே?

அவ நம்பல. ஹாஜராகிட்ட மறுபடி படிக்கச் சொன்னா. இவ காதுல கை வச்சு, ஹலோ ஹலோன்னு கூப்பிட்டு, அது திரும்பி வர்ற மாதிரி சின்னக் கொரல்ல ஹலோ ஹலோன்னு சொல்லி, கையை விரிச்சுக் காமிச்சா. அவ்வளவுதான். அந்தப் பொம்பளை எந்திரிச்சு வந்து இவ நெத்தியில முத்தம் குடுத்துட்டு, சிம்சிமிய்யாவை எடுத்து உக்காந்துட்டா. ஒரு வாரம் அந்த ஒரே வரியைப் போட்டு அரைச்சாங்க. பங்களா முழுக்க வாப்பா வாப்பான்னு அதே பாட்டு. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. தோட்டத்துல தண்ணி ஊத்தும்போது வாயில வந்துரும். கேட்டுக் கேட்டு வந்ததுதான், பாட்டு நல்லாயிருக்குன்னு இல்ல.

இப்பத்தான் விசயத்துக்கு வரேன். நிகழ்ச்சிக்கு நாலு நாள் இருக்கு. ஹாஜரா என்கிட்ட வந்து, "வாப்பா, அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க"ன்னா. போர்ட் சயீதுன்னு அவ ஊரு. அங்க இந்த மாதிரி பாடுறது எழுதுறது தைக்கறது எல்லாத்தையும் சேத்து ஒரு குழு வச்சு நடத்துறாளாம். ஆறு மாசம் அங்க தங்கி அவங்ககூட வேலை செய்ய என்னையும் சேத்துக்குவாங்களான்னு கேளுங்கன்னா. அவ உம்மாகிட்ட ஏற்கெனவே சொல்லிட்டாளாம். எனக்குத்தான் கடைசியில தெரியுது.

நான் நெனச்சிருந்தா கேக்காமலே கேட்ட மாதிரி நடிச்சிருக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது? ஆனா கேட்டேன் தம்பி. ஒரு வார்த்தை கூட்டாம கொறைக்காம, என் பொண்ணு உங்ககூட வந்து இருக்கணும்னு கேக்குறா, சேத்துக்குவீங்களான்னு நல்ல அரபியில கேட்டேன். அவ ஹாஜரா கையைப் புடிச்சுக்கிட்டு, "மாஷி, மாஷி, தப்அன்"னா. ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்தா. கண்ணுல தண்ணி.

மாஷிதான் எனக்குத் தெரியுமே. இன்னொண்ணு தஅபான். அப்படின்னா களைப்பு. எங்க அர்பாப் மத்தியானத்துல தஅபான் தஅபான்னு சொல்லிக்கிட்டுத்தான் படுப்பாரு. சேத்துச் சொன்னேன். "முடியாதாம்மா. அவங்களுக்கு ரொம்பக் களைப்பா இருக்காம்."

ஹாஜரா என்னைப் பாத்தா, அவளைப் பாத்தா. "அப்ப ஏன் வாப்பா அழுவுறாங்க?"

"எகிப்துக்காரிம்மா. அவங்களுக்கு எல்லாமே நாடகம்"னேன்.

சொல்லும்போது எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு. அதை நான் மறைக்க மாட்டேன். போவ மாட்டா, இங்கயே இருப்பான்னு. பெத்தவனுக்கு அந்த நிம்மதி வரக்கூடாதா?

அன்னைக்கு வீட்டுக்கு வந்தவதான், மறுநாள் பங்களாவுக்குக் கெளம்பல. அடுத்த நாளும் இல்ல. எகிப்துக்காரி ஆள் விட்டுக் கூப்பிட்டா, இவ வரலைன்னுட்டா. வீட்டு வாசல் வரைக்கும் அவளே வந்தா, இவ ரூமை விட்டு வெளிய வரல. "சேத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டு எதுக்கு வந்து நிக்கிறாங்க?"ன்னா உள்ள இருந்தே. அதை நான் அவகிட்ட எப்படிச் சொல்றது? உடம்பு சரியில்லைன்னு சொன்னேன். அந்தப் பொம்பளை ரொம்ப நேரம் கதவைப் பாத்துக்கிட்டு நின்னா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, பொறவு நெனச்சுக்கிட்டேன், நல்லா வேணும் இவளுக்குன்னு.

நிகழ்ச்சி நடந்துச்சு. பங்களா முத்தத்துல துணியைக் கட்டி, எழுத்து நெழலு தரையெல்லாம் விழுந்து, இருவத்தாறு பொம்பளைங்களும் சுத்தி உக்காந்து கை தட்டித் தாளம் போட்டுச்சுங்க. ஹாஜரா பாட வேண்டிய வரியை எகிப்துக்காரியே தமிழ்ல பாடுனா. வாபா, வாபான்னு. ப அழுத்தி வரல அவளுக்கு. ஹாஜராவுக்குன்னு போட்ட பாயில யாரையும் உக்கார விடல. வெள்ளைக்காரங்க நாலு பேரு, பாண்டிச்சேரியில இருந்து வந்தவங்க, எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. எதுக்குத் தட்டுறோம்னு அவங்களுக்கும் தெரியாது. மறுநாள் அவ போயிட்டா. ஒழிஞ்சதுன்னு நெனச்சேன்.

சித்திரையில ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டு எந்திரிக்கல, வினோதினி அம்மா வராங்க. கையில ஒரு கடுதாசி. மாக்தாவோட தங்கச்சி மகளுக்கு இங்கிலீஷ் தெரியுமாம், அதை வச்சு எழுதி அனுப்பியிருக்கா. அந்தம்மா அதைத் தமிழ்ல சொல்லிச் சொல்லிப் படிச்சாங்க. நான் இருக்கேன், என் வீட்டுக்காரி மைமூன் இருக்கா, ஹாஜரா வாசப்படியில நிக்கிறா.

என்ன எழுதியிருக்கான்னா, உங்க ஊரை நான் மறக்கல, ஆனா உங்க பழக்கம் எனக்கு வெளங்கல. எதையாவது வேணுமான்னு கேக்குறாங்க, சரிங்குறேன், உடனே திருப்பி எடுத்துட்டுப் போயிடுறாங்க. ரூம் மாத்துறேன்னாங்க, சரின்னேன், பொட்டியோட காத்திருந்தேன், யாரும் வரல. நான் என்ன மரியாதைக் கொறைச்சல் செஞ்சேன்? அதை விடுங்க. ஹாஜரா என்கூட வரேன்னு கேட்டா. சரி, கண்டிப்பா வான்னு சொன்னேன். மறுநாள்ல இருந்து என் மொகத்துலயே முழிக்கல. ஏன்? அவ எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. இவ்வளவுதான் கடுதாசி.

வினோதினி அம்மா படிக்கறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. "ரூமு"ன்னாங்க. "இருவத்தாறு பேரு"ன்னாங்க. "வட்டலப்பம்"னாங்க. சொல்லிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சாங்க, சிரிச்சுக்கிட்டே ஹாஜரா பக்கம் திரும்புனாங்க, அப்படியே நிறுத்திட்டாங்க.

எகிப்துல மாஷின்னா சரியாம் தம்பி. தப்அன்னா கண்டிப்பாவாம். களைப்பு இல்லையாம். நான் கேக்குறேன், ஒரே வார்த்தைக்கு ஒரு ஊர்ல இல்லைன்னும் இன்னொரு ஊர்ல சரின்னும் அர்த்தம் இருந்தா அது ஒரு பாஷையா? அந்த பாஷையில யாவாரம் நடக்குமா, நிக்காஹ் நடக்குமா? அவ தப்பாப் பேசுவா, அதுக்கு நான் பொறுப்பா? முறையா 'ஆமா'ங்கறதுக்கு நஅம்னு ஒரு வார்த்தை இருக்கு. அதைச் சொல்ல என்ன கேடு?

இதையெல்லாம் நான் சொல்றதுக்குள்ள ஹாஜரா என் முன்னாடி வந்து உக்காந்தா. சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தாக்கூட நானும் பதிலுக்கு ரெண்டு சத்தம் போட்டிருப்பேன். மெதுவாத்தான் கேட்டா. "வாப்பா, தெரியாமச் சொன்னீங்களா, தெரிஞ்சே சொன்னீங்களா? அது மட்டும் சொல்லுங்க."

தெரியாமச் சொன்னேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும்னு மைமூன் இப்பவும் சொல்றா. எப்படிங்க சொல்ல முடியும்? வினோதினி அம்மா நிக்கிறாங்க, பொண்டாட்டி நிக்கிறா. ஊரே என்னை அரபி தெரிஞ்ச ஆளுன்னு சொல்லுது. விசா பேப்பரு வந்தாலும் என்கிட்டதான் எடுத்துட்டு வருவாங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. "யாரைப் பாத்துத் தெரியாதுங்குற? எனக்கா அரபி தெரியாது?"ன்னேன்.

அவ தலையை ஆட்டுனா. "அப்ப தெரிஞ்சே சொன்னீங்க"ன்னா. எந்திரிச்சு உள்ள போயிட்டா.

நான் அப்படிச் சொல்லலையே தம்பி. நான் சொன்னது வேற, அவ எடுத்துக்கிட்டது வேற. இதை யாரு அவளுக்கு எடுத்துச் சொல்றது?

அன்னையில இருந்து ஏழு மாசம். பேசுறதே இல்லைன்னும் சொல்ல முடியாது. ஒரு வார்த்தை பேசுவா. சாப்பிட்டியான்னு கேட்டா, "மாஷி." பாஸ்போர்ட் வந்துருச்சாம்மா? "மாஷி." என்மேல கோவமா? "மாஷி." சிரிக்கவும் மாட்டா, மொறைக்கவும் மாட்டா. தலையையும் ஆட்டுறதில்ல, அந்த எகிப்துக்காரியாவது தலையை ஆட்டுவா. நான் தட்டைப் பாத்துச் சாப்பிட்டாளா இல்லையான்னு தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. மத்ததுக்கு எந்தத் தட்டைப் பாக்குறது?

நேத்துக் காலையில ஆட்டோ வந்துச்சு. மெட்ராஸ்ல மண்ணடியில மச்சினன் வீட்டுல ஒரு ராத்திரி தங்கிட்டு இன்னைக்கு அங்க இருந்து ஏர்போர்ட்டு. அவளும் மைமூனும் ஏறி உக்காந்துட்டாங்க. என்னைக் கூப்பிடல. பொட்டியை நான்தான் தூக்கி வச்சேன். வச்சுட்டு, கம்பியைப் புடிச்சுக்கிட்டே கேட்டேன். "ஏர்போர்ட்டுக்கு நான் வரட்டுமாம்மா?"

என் மொகத்தைப் பாத்தா. ஏழு மாசத்துல அப்பத்தான் மொகத்தை நேராப் பாத்தா. "மாஷி"ன்னா. ஆட்டோ போயிருச்சு.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. விடிஞ்சதும் மைமூனுக்குப் போன் போட்டேன். "ஏண்டி, அவ வரச் சொன்னாளா, வர வேணாம்னாளா?"ன்னு கேட்டேன். "எனக்கென்ன தெரியும், உங்க ரெண்டு பேரு அரபி. பக்கத்துலதான் இருக்கா, போனைக் குடுக்குறேன், நீங்களே கேட்டுக்கங்க"ன்னா. போனு கை மாறுற சத்தம் கேட்டுச்சு. மூச்சு விடுறது கேட்டுச்சு, அது அவ மூச்சுதான். "ஹலோ"ன்னா.

கேக்க முடியுமா தம்பி? பத்தொம்பது வருசம் அரபு நாட்டுல காலம் தள்ளுனவன், ஒரு வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம்னு பெத்த பொண்ணுகிட்டப் போயிக் கேக்குறதா? கட் பண்ணிட்டு வந்து பஸ்ஸு ஏறிட்டேன்.